பழைய ஆளாக இல்லை: அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் டெலிரியமும் அதன் காரணங்களும்

1955-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பெட்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்யப்பட்ட, 50 வயதைக் கடந்த 1,193 பேரைப் பற்றியது அது. நோயாளிகளின் வீட்டார் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து இவர் பழைய ஆளாக இல்லை. பெட்ஃபோர்டு அதை வீட்டாரின் புலம்பல் என்று தள்ளிவிடாமல் தேடிப் பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனத்திறனில் ஏற்பட்ட சரிவு நெடுநாள் நீடித்ததாகக் கண்டார். தவிர்க்கவே முடியாத நிலையில் மட்டும் முதியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்று எச்சரித்தார்.

எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே குறையை இன்று நம் ஊர் மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டு வராந்தாவிலும் கேட்கலாம். "நேத்து வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டிருந்தாங்க டாக்டர். ராத்திரியிலேருந்து என்னை யாருன்னே தெரியல. செத்துப்போன தம்பியைக் கூப்பிடறாங்க. ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போடறாங்க." இதற்கு அடுத்த கேள்வியும் மாறாமல் வரும்: "மயக்க மருந்தை அதிகமாக் கொடுத்துட்டாங்களா?"

இந்தக் கேள்வியை மருத்துவர்கள் பலர் எரிச்சலோடு கடந்துபோகிறார்கள். அது தவறு. மருத்துவ உலகமே பல ஆண்டுகள் பணமும் உழைப்பும் செலவிட்டு விடை தேடிய கேள்வி அது. வந்த விடைகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: மயக்க மருந்தின் மேல் வீட்டார் சுமத்தும் பழி அதன் பங்கைவிடப் பெரியது. வார்டின் பங்கோ மருத்துவமனைகள் ஒப்புக்கொள்வதைவிடப் பெரியது. இரண்டையும்விடப் பெரியது, தியேட்டருக்குள் போகும் முன்பே அந்த மூளை இருந்த நிலை.

முதலில் நோய் இன்னதென்று தெளிவாக வேண்டும். டெலிரியம் என்பது மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாட்களில் திடீரென்று தோன்றும் மூளைக் குழப்பம். கவனத்தை ஒன்றில் நிறுத்த முடியாமல் போவது அதன் மைய அடையாளம். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், நள்ளிரவில் கலவரம் என்று ஏறி இறங்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் தலைகாட்டும். தமிழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. காய்ச்சலில் 'ஜன்னி கண்டு பிதற்றுகிறான்' என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். காய்ச்சல் இல்லாமல், ஆபரேஷனுக்குப் பிறகு அதே ஜன்னி வரும்போது நாம் அடையாளம் தெரியாமல் விழிக்கிறோம். சில வீடுகளில் காற்று கருப்பு அடித்துவிட்டதென்று மந்திரிக்க ஆள் தேடுவதும் நடக்கிறது.

கத்துவதும் பிடுங்குவதும் டெலிரியத்தின் ஒரு முகம்தான். இன்னொரு முகம் அமைதியானது. அந்த நோயாளி சுவரைப் பார்த்தபடி கிடப்பார். கூப்பிட்டால் தாமதமாகக் கண் திறப்பார். சோறு வாயிலேயே நிற்கும். 'பாவம், அலுப்பில் தூங்குகிறார்' என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். முதியவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இந்த வகைதான். கண்டுபிடிக்கப்படாததால் அடியில் இருக்கும் காரணமும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. தொந்தரவு செய்யாத நோயாளியை நல்ல நோயாளி என்று எண்ணும் பழக்கம் இங்கே உயிருக்கே கேடாக முடியலாம்.

மயக்கம் தெளியும் அரை மணி நேரத்தில் சின்னப் பிள்ளைகள் அழுது உதைத்துப் புரள்வது வேறு விஷயம். அது சீக்கிரம் அடங்கிவிடும்; இந்தக் கட்டுரையின் பொருள் அதுவல்ல. மாதக்கணக்கில் நீடிக்கும் மறதியும் கவனக்குறைவும்கூடத் தனியாகப் பேசவேண்டியவை, டெலிரியம் வந்தவர்களிடம் அவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்றாலும். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 225 முதியவர்களில் 46 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. அவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட ஆழமாகச் சரிந்தது, மெதுவாகத்தான் மீண்டது. ஆக, நாலு நாள் குழப்பம்தானே என்று விட்டுவிடக் கூடிய நோய் அல்ல இது.

காரணங்களை எப்படி அடுக்கிப் பார்ப்பது என்ற தெளிவை ஷேரன் இனூயே என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் கொடுத்தார். 1990-இல் டெலிரியத்தைப் படுக்கை அருகிலேயே கண்டுபிடிக்கும் எளிய முறையொன்றை அவர் குழு வெளியிட்டது. திடீரென்று தோன்றி ஏறி இறங்கும் மாற்றமும் கவனச் சிதறலும் இருக்கவேண்டும். கூடவே கோர்வையற்ற பேச்சோ விழிப்பு நிலையில் மாற்றமோ இருந்தால் அது டெலிரியம். 1996-இல் அவர் இன்னொன்றைச் சொன்னார். காரணங்கள் இரண்டு வகை: நோயாளி தன்னோடு கொண்டுவரும் பலவீனங்கள் ஒன்று, மருத்துவமனையில் வந்து விழும் அடிகள் மற்றொன்று. ஏரிக்கரையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். கரை உறுதியாக இருந்தால் ஐப்பசி அடைமழையையும் தாங்கும். எலி வளையும் அரிப்புமாக இருக்கும் கரை ஒருநாள் தூறலிலேயே உடையும். நாற்பது வயதுக்காரர் எட்டு மணி நேர அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து காபி கேட்கிறார். எண்பது வயது அம்மாவுக்கு ஒரு தூக்க மாத்திரையும் மூத்திரத்தில் ஒரு கிருமியும் போதும்.

கரையைப் பற்றி முதலில் பேசுவோம். 1994-இல் பாஸ்டன் நகரில் எட்வர்ட் மார்க்கன்டோனியோவும் உடன் பணியாற்றியவர்களும் 1,341 பேரைப் பின்தொடர்ந்தார்கள். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். இதயம் தவிர்த்த பெரிய அறுவை சிகிச்சைகளுக்குத் திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டவர்கள். 9 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல உதவியவை ஏழு: 70 வயதுக்கு மேல் இருப்பது, ஏற்கெனவே அறிவாற்றல் குறைந்திருப்பது, அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத உடல் தளர்ச்சி, அளவு மீறிய குடி, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை மிகவும் தாறுமாறாக இருப்பது, பெருந்தமனி வீக்கத்துக்கான அறுவை சிகிச்சை, நெஞ்சறையில் செய்யும் அறுவை சிகிச்சை. ஏழில் ஐந்து நோயாளியோடு வருபவை, இரண்டு அறுவை சிகிச்சையின் தன்மை. இவற்றில் எதுவும் இல்லாதவர்களில் நூற்றில் இருவருக்கே டெலிரியம் வந்தது. பலவும் சேர்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு வந்தது. இந்தப் பட்டியலில் மயக்க மருந்தின் பெயர் இல்லை.

இவற்றில் நான் அதிகம் நின்று பேச விரும்புவது அறிவாற்றல் குறைவைப் பற்றி. பிற்கால ஆய்வுகள் பலவற்றிலும் வயதோடு சேர்ந்து மிக வலுவான காரணமாக நிற்பது அதுவே. நம் நாட்டில் அதுதான் மறைந்தும் கிடக்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக நாடு தழுவிய முதுமை ஆய்வொன்று 2023-இல் மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் பெயர்கூடச் சொல்லப்பட்டதில்லை. கூட்டுக் குடும்பத்தில் மறதி எளிதில் மறைந்துவிடும். மருமகள் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், பேரன் பென்ஷன் வாங்கி வருகிறான், சமையலை எப்போதோ மற்றவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஐம்பது வருடத்துக்கு முந்திய கதையைச் சுத்தமாகச் சொல்கிறார். 'இந்த வயசிலும் என்ன ஞாபகம் பாருங்கள்' என்கிறோம். காலையில் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிகிறது. பழகிய திண்ணையிலிருந்து பிடுங்கி, முகம் தெரியாதவர்கள் நடுவில், வெளிச்சம் அணையாத அறையில் போடுகிறோம். அன்றிரவுதான் நோய் பிறந்ததுபோல எல்லோருக்கும் தோன்றுகிறது.

அறுவை சிகிச்சைக்கு முன் இதயத்துக்கு எக்கோ எடுக்கிறோம், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம், இரத்தத்தில் பத்து வகைச் சோதனை செய்கிறோம். மூளைக்கு ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ஐந்து நிமிடம் போதும். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேட்கலாம். வெளிநாட்டுப் படிவங்களில் ஆண்டின் மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரி பழகாத ஒரு கிராமத்துப் பாட்டியை அதில் தோல்வியுற்றவராகக் குறித்துக்கொண்டால் அது நம் பிழை. அவரிடம் சித்திரை, வைகாசியைத்தான் கேட்கவேண்டும்.

கண்ணும் காதும் இதோடு ஒட்டிய சங்கதி. 1993-இலேயே இனூயே குழு உள்நோயாளிகளிடம் கண்ட நான்கு முன்காரணங்களில் பார்வைக் குறைவும் ஒன்று. தியேட்டருக்கு அனுப்பும் முன் மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் கழற்றிப் பையில் போட்டு வீட்டாரிடம் தருவது எங்கும் வழக்கம். அது சரிதான். திருப்பிக் கொடுக்கத்தான் மறந்துவிடுகிறோம். கண்ணில் படுவது மங்கல், காதில் விழுவது இரைச்சல் என்றானபின் மூளை தன் கற்பனையால் இடைவெளியை நிரப்பத் தொடங்கும். ட்ரிப்ஸ் ஸ்டாண்டு ஆளாகிறது, திரைச்சீலை பாம்பாகிறது.

குடிக்கு வருகிறேன். மயக்கவியல் மருத்துவர் முன்பரிசோதனையில் 'குடிப்பீர்களா' என்று கேட்கும்போது மகளும் சம்பந்தியும் சுற்றி நிற்கிறார்கள். 'எப்பவாவது' என்பது பதில். குடியை நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும் நடுக்கமும் வியர்வையும் பிதற்றலும், ஆபரேஷனுக்குப் பிந்திய டெலிரியம் வரும் நாட்களோடு அப்படியே பொருந்திவிடும். இது உயிரைப் பறிக்கக் கூடியது. இதற்கான மருத்துவமும் வேறு: மற்ற முதியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நாம் தவிர்க்கும் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மருந்துகள்தான் இங்கே முதன்மை மருந்து, கூடவே தயாமின் ஊசி. அதனால் உண்மையான பதில் தெரிந்தாகவேண்டும். கேட்கும் மருத்துவர் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தூக்க மாத்திரையும் இதே கதைதான். பல வீடுகளில் அல்பிரசோலம் பத்து ஆண்டுகளாக இரவு உணவின் ஒரு பகுதியாக இருக்கிறது. அதை யாரும் மருந்தென்றே எண்ணுவதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அது திடீரென்று நின்றுபோகும்போது மூளை கொந்தளிக்கிறது.

சோடியம் குறைவைப் பற்றிச் சில வரிகள். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டியது, இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் தையசைடு மாத்திரைகளாலும் மனச்சோர்வு மருந்துகளாலும் முதியவர்களிடம் அடிக்கடி இறங்கிவிடும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்றும் நீர்மமும் சேர்ந்து இன்னும் இறக்கலாம். எளிதில் கண்டுபிடிக்கவும் திருத்தவும் கூடிய காரணம் இது; தவறவிட்டால் மன்னிப்பில்லை. சத்துக்குறைவு, இரத்த சோகை, சிறுநீரகக் கோளாறு, பழைய பக்கவாதம் ஆகியவையும் கரையை அரிப்பவைதான்.

இனி மழைக்கு வருவோம். எல்லா அறுவை சிகிச்சையும் ஒன்றல்ல. கண்புரைக்குச் செய்யும் சின்ன வேலைக்குப் பிறகு டெலிரியம் அரிது. திட்டமிட்டுச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சைகளுக்குப் பின் முதியவர்களில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதம் வரை ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பெலும்பு முறிவு, இதய அறுவை சிகிச்சை போன்றவற்றில் அது 50 சதவீதம் வரைகூடப் போகிறது. அவசர அறுவை சிகிச்சை, நீண்ட நேரம், அதிக இரத்தப்போக்கு, பிறகு ஐசியு வாசம் ஆகிய ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும். கத்தி பட்ட இடத்தில் எழும் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. இரத்தத்தில் பரவும் அதன் வேதிப்பொருள்கள் மூளையையும் தூண்டிவிடுகின்றன என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கவனத்துக்கும் நினைவுக்கும் தேவையான அசெட்டைல்கோலின் என்னும் வேதித் தூதன் ஏற்கெனவே வற்றியிருக்கும் மூளையில் இந்தத் தூண்டல் பெரிய குழப்பமாக வெடிக்கிறது. இடுப்பெலும்பு முறிவு இவற்றில் மோசமானது. வலியும் அவசரமும் முதுமையும் மறதியும் ஒரே படுக்கையில் கூடுகின்றன.

அப்படியானால் மயக்க மருந்து? வீட்டார் கேட்ட கேள்விக்கு இங்கே நின்று நிதானமாகப் பதில் சொல்லவேண்டும்.

முதல் சந்தேகம் இயல்பானது. முழுவதும் உறங்கவைக்காமல் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தால் டெலிரியம் குறையுமே? பல ஆண்டுகள் மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள். 2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த 'ரீகெய்ன்' ஆய்வு வெளிவந்தது. டெலிரியம் வந்தது முதுகு ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதம், முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதம். அடுத்த ஆண்டு சீனாவிலிருந்து 'ராகா' ஆய்வு: 65 வயதைக் கடந்த 950 பேர். உறக்க மருந்தே இல்லாமல் பகுதி மரப்பு மட்டும் பெற்றவர்களில் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1 சதவீதம். இரண்டிலும் வேறுபாடு இல்லை. ஒன்றில் ஐந்தில் ஒருவர், மற்றதில் இருபதில் ஒருவர் என்று எண்ணிக்கை இவ்வளவு விலகியிருப்பது வேறொன்றைக் காட்டுகிறது: எத்தகைய நோயாளிகளை, எத்தனை கூர்மையாகத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே டெலிரியத்தின் அளவு கண்ணில் படுகிறது.

இரண்டாவது சந்தேகம் ஆழத்தைப் பற்றியது. தேவைக்கு மேல் ஆழமாக உறங்கவைப்பதால் மூளை கெடுகிறதா? நெற்றியில் ஒட்டும் மின்பட்டையால் மூளை அலைகளை அளந்து, மருந்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் வந்தபின் இதைச் சோதிக்க முடிந்தது. ஹாங்காங்கில் 921 பேரிடம் செய்த ஆய்வில் டெலிரியம் 24.1 சதவீதத்திலிருந்து 15.6 ஆகக் குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் 1,232 பேரிடம் செய்த 'எங்கேஜஸ்' ஆய்வு அந்த மகிழ்ச்சியைக் குலைத்தது: கருவியின் வழிகாட்டுதலில் 26 சதவீதம், வழக்கமான முறையில் 23. கனடாவில் இதய நோயாளிகள் 1,140 பேரிடம் செய்து 2024-இல் வெளியான ஆய்வில் இரு பக்கமும் ஏறக்குறைய 18 சதவீதம். நடுவில் 2021-இல், 515 பேரிடம் லேசான மயக்கத்தையும் ஆழ்ந்த மயக்கத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு மட்டும் 19-க்கு 28 என்று லேசான மயக்கத்தின் பக்கம் நின்றது.

இந்த முரண்பாட்டை எப்படிப் படிப்பது? சில மூளைகள் சிறிதளவு மருந்திலேயே அலைகள் அடங்கித் தட்டையாகிவிடுகின்றன. அவற்றுக்குப் பின்னாளில் டெலிரியமும் அதிகம் வருகிறது. ஆழம் நோயை உண்டாக்குகிறது என்பதைவிட, பலவீனமான மூளை சீக்கிரம் ஆழத்துக்குப் போய்விடுகிறது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதற்காக முதியவருக்கு வேண்டாத அளவு மருந்து கொடுக்கலாம் என்று பொருளில்லை. மூளை அலைக் கருவி இருக்குமிடத்தில் பயன்படுத்துவது நல்லது. அது இல்லாததால்தான் என் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று ஒருவர் மயக்கவியல் மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், இதுவரை வந்த சான்றுகள் அவருக்குத் துணை நிற்கா.

மருந்தால் தடுக்கும் முயற்சிகளும் இப்படியே ஏறி இறங்கின. வலிக்கும் மயக்கத்துக்கும் பயன்படும் கெட்டமினைச் சிறிதளவு கொடுத்தால் டெலிரியம் தடுக்கப்படும் என்ற நம்பிக்கை 2017-இல் 672 பேரிடம் செய்த ஆய்வில் பொய்த்தது; கெட்ட கனவும் மாயக்காட்சியும்தான் கூடின. லேசாக உறங்கவைக்கும் டெக்ஸ்மெடடோமிடின் என்ற மருந்துக்கு நல்ல செய்தியும் உண்டு, கெட்ட செய்தியும் உண்டு. 2016-இல் பெய்ஜிங்கில் ஐசியு முதியவர்கள் 700 பேரிடம் இரவெல்லாம் சிறு அளவில் செலுத்தியபோது டெலிரியம் 23 சதவீதத்திலிருந்து 9 ஆனது. நான்கு ஆண்டு கழித்து இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வில் அது குறையவே இல்லை. கைகாட்டி இதுதான் மருந்து என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

மயக்கவியல் மருத்துவர் பையில் நான் அஞ்சுவது உறக்க வாயுவை அல்ல, அதோடு கூடவரும் சில்லறை மருந்துகளை. மார்க்கன்டோனியோ 1994-இலேயே காட்டினார்: பென்சோடயசெபைன் கொடுக்கப்பட்டவர்களிடம் டெலிரியம் மூன்று மடங்கு அளவுக்குத் தொடர்புற்றிருந்தது, பெத்திடின் என்ற வலி மருந்தும் அதற்கு அருகில் வந்தது. பென்சோடயசெபைன் விஷயத்தில், இதய அறுவை சிகிச்சையின்போது மட்டும் அதைத் தவிர்ப்பதால் பெரிய பலனில்லை என்று சமீபத்திய ஆய்வொன்று சொல்கிறது. வார்டில் இரவு நேரத்தில் முதியவரைத் தூங்கவைக்க அதைக் கொடுப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. அசெட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் மோசம். நம் வார்டுகளில் அரிப்புக்கும் இரத்தம் ஏற்றும்போதும் ஏவில், வாந்திக்கும் உறக்கத்துக்கும் ஃபெனர்கன் என்று கை தானாகப் போகிறது. இளைஞருக்கு ஒன்றும் ஆகாது. எண்பது வயதில் அது வற்றிய கிணற்றில் மீதமிருந்த தண்ணீரையும் இறைத்துவிடுவது. அட்ரோபின் மூளைக்குள் நுழையும், கிளைக்கோபைரோலேட் அநேகமாக நுழையாது என்பதை இளம் மருத்துவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

வலி மருந்தால் குழப்பம் வரும் என்று அஞ்சி அதையே நிறுத்திவிடுவதும் பெருந்தவறு. நியூயார்க்கில் இடுப்பெலும்பு முறிந்த 541 பேரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கும் குறைவான வலி மருந்து பெற்றவர்களுக்கே டெலிரியம் அதிகம் வந்தது. அறிவாற்றல் நன்றாக இருந்தவர்களில், கடும் வலியோடு கிடந்தவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு. வலி தாங்காமல் மூளை குழம்புகிறது. இடுப்புப் பகுதி நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போட்டு வலியைக் குறைத்து, மார்ஃபினின் தேவையையும் குறைப்பது நல்ல வழி. அடிபட்டு வந்த சில மணி நேரத்தில் இதைச் செய்ய முடியும்.

வார்டைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு ஆதங்கம் மேலிடுகிறது. இனூயே 1996-இல் உள்நோயாளிகளிடம் கண்ட ஐந்து தூண்டுகாரணங்களில் முதலாவது கட்டிப்போடுதல். அடுத்து சத்துக்குறைவு, ஒரே நாளில் மூன்றுக்கும் மேற்பட்ட புதிய மருந்துகள், மூத்திரக் குழாய், மருத்துவத்தாலேயே நேரும் இடையூறுகள். நம் ஐசியுக்களில் குழம்பிய முதியவரின் கைகளைக் கட்டில் கம்பியோடு பட்டைத்துணியால் கட்டுவது பாதுகாப்பு நடவடிக்கை என்றே கருதப்படுகிறது. கட்டிய பிறகு அவர் மேலும் திமிறுகிறார், மேலும் ஊசி போடப்படுகிறது. சுழல் அங்கேதான் தொடங்குகிறது. தேவை தீர்ந்தபின்னும் மாட்டியே விடப்படும் யூரின் குழாயும் ஒரு கட்டுதான். கிருமியும் அதன் வழியாகவே ஏறுகிறது. மலச்சிக்கலும் அடைபட்ட மூத்திரமும் மட்டுமே காரணமாக, வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் புரண்டு தவிக்கும் முதியவர்கள் உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

பட்டினியும் அப்படித்தான். தெளிந்த நீர்மங்களை அறுவை சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. ஆனால் 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒன்றும் கூடாது' என்ற வாய்மொழி உத்தரவு இன்றும் மாறவில்லை. லிஸ்டில் கடைசியாகப் போடப்பட்ட பாட்டி மறுநாள் மாலை நாலு மணி வரை ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் கிடப்பார். வறண்ட உடலோடு தியேட்டருக்குள் போகும் அவர் குழம்புவதில் என்ன வியப்பு?

இத்தனையும் திருத்தக் கூடியவை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 1999-இல் இனூயே குழு 852 உள்நோயாளிகளிடம் எளிய காரியங்களைச் செய்து பார்த்தது: நாளும் இடமும் நினைவூட்டுதல், நடக்கவைத்தல், இரவில் மாத்திரைக்குப் பதில் சூடான பால், கண்ணாடி, காது மெஷின், போதுமான தண்ணீர். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆனது. 2001-இல் மார்க்கன்டோனியோ இடுப்பெலும்பு முறிந்த 126 பேரில் ஒரு பகுதியினரை முதியோர் மருத்துவர் தினமும் பார்க்க ஏற்பாடு செய்தார். 50 சதவீதம் 32 ஆனது. நமக்கு மிகப் பொருந்துவது சீனாவின் செங்டு நகரிலிருந்து 2020-இல் வந்தது. அமெரிக்காவில் இனூயே குழுவின் தொண்டர்கள் செய்த வேலையை அங்கே குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள்; தாதியர் வழிகாட்டினார்கள். 281 பேரில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களிடம் 19.4 சதவீதமாக இருந்த டெலிரியம், குடும்பம் கூட இருந்தவர்களிடம் 2.6 சதவீதம். இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டிய எந்த மருந்தும் இவ்வளவு செய்யவில்லை.

நம்மிடம் இல்லாதது எதுவும் அதில் இல்லை. தமிழ்நாட்டு மருத்துவமனையில் நோயாளியோடு ஒருவர் தங்குவது எழுதப்படாத சட்டம். பாயை விரித்துக்கொண்டு கட்டிலடியில் படுத்துக்கிடக்கும் அந்த மகளை வாட்ச்மேன் விரட்டும் கூட்டமாகப் பார்க்காமல், சிகிச்சையில் ஒரு பங்காளியாகப் பார்த்தால் போதும். என்ன செய்யவேண்டும் என்று நர்ஸ் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஐசியு வாசலிலும் பகலில் ஒருவரையாவது உள்ளே விடவேண்டும்.

உங்கள் வீட்டு முதியவருக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்களா? மயக்கவியல் மருத்துவரிடம் மறதியைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். குடியையும் தூக்க மாத்திரையையும் தனியாக அழைத்தாவது சொல்லிவிடுங்கள். எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று கேளுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் பல்செட்டையும் பெயரெழுதிய டப்பாவில் போட்டு உங்கள் கையிலேயே வைத்திருந்து, வார்டுக்கு வந்ததும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்துவையுங்கள், நாளையும் கிழமையையும் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள், மருத்துவர் அனுமதித்ததும் எழுப்பி உட்காரவையுங்கள். அவர் திடீரென்று பிதற்றினாலும், வழக்கத்துக்கு மாறாகப் பேசாமலே கிடந்தாலும், 'வயசானா அப்படித்தான்' என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த மணியிலேயே நர்ஸை எழுப்பி, 'இவர் நேற்றுவரை இப்படி இல்லை' என்று சொல்லுங்கள்.